முதியோர் உயிர் மலிவுச் சரக்கோ?

கொரோனாக் காலத்தில் அரசாங்கத் தகவல் திணைக்களம் விடுத்துவந்த மரண அறிவித்தல்களை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறந்தவரின் வயது, அவர் வாழ்ந்த ஊர், அவருக்கு முன்னரே இருந்த நீரிழிவு அல்லது இருதய நோய் ஆகிய யாவும் அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அதை வாசித்தவர்கள், “வயதுபோன மனிதர்தானே!” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றார்கள். அந்தப் பெருமூச்சையே நாம் இன்று குற்றக்கூண்டில் நிறுத்துகின்றோம். ஏனெனில், அதன் மறைவில் ஓர் அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து தப்பியது. அதற்குப் பின்வந்தோரும் அதே வழியாகவே தப்பி வருகின்றனர்.

நடந்ததைச் சொல்வோம். 2021 ஜனவரி 28ஆந் திகதி இந்தியா நன்கொடையாக அனுப்பிய ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் இந்நாட்டிற்கு வந்தன. சுகாதார ஊழியர்க்கு அடுத்தபடியாக முதியோர்க்கே ஊசி போடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆனால், இங்கு நடந்ததென்ன? பெப்ரவரியில் மேல் மாகாணத்திலே முப்பது வயதைக் கடந்தோர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். நோய் யாரைக் கொல்கின்றதோ அவர்களுக்கு முதலிடம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு முதல் ஊசி கிடைத்ததோ மே மாத இறுதியிலேதான். மேல் மாகாணத்தில் தொற்று மிகுந்திருந்தது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வவுனியாவிலும் மன்னாரிலும் இருந்த எழுபது வயதுக் கிழவிக்கு முன்பாகக் கொழும்பில் உள்ள முப்பத்தைந்து வயதுத் திடகாத்திரருக்கு ஊசி போடுவதை எந்த வைத்திய சாத்திரம் அனுமதிக்கின்றது? அவ்வாண்டு ஆகஸ்டில் மரணங்கள் நாளொன்றுக்கு இருநூறைத் தாண்டின. திணைக்களத்தின் அட்டவணையில் மூன்று வயதுப் பிரிவுகள் இருந்தன. அறுபதும் அதற்கு மேலும் என்ற கட்டமே நாள்தோறும் நிரம்பி வழிந்தது.

ஊசிக்கு வரிசை வகுக்கத் தெரியாத அரசாங்கத்திற்குப் பாணிக்கு வரிசை வகுக்கத் தெரிந்திருந்தது! 2020 டிசம்பரிலே கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். அன்றைய சுகாதார மந்திரி அப்பாணியைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதமே அவரையும் அந்நோய் பற்றியது. ஒருவருடைய நோயை நாம் எள்ளவில்லை. மந்திரியின் செய்கையை நம்பித் தமது வயோதிபப் பெற்றோருக்கும் அதே பாணியை ஊட்டிய ஏழைகளை நினைந்தே எழுதுகின்றோம்.

இனி முஸ்லிம் முதியவரின் நிலையை எண்ணுக. உலகின் பெரும்பாலான நாடுகளில் அடக்கம் அனுமதிக்கப்பட்டிருக்க, 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. 2021 பெப்ரவரி இறுதிவரை அந்தக் கொடுமை நீடித்தது. மார்ச்சிலேதான் ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. தன் உடல் எரிக்கப்படும் என்று அஞ்சிய மூதாட்டி மூச்சு முட்டினாலும் வைத்தியசாலைக்குப் போக உடன்படுவாளா? 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. சாம்பலிடம் கோரிய மன்னிப்பு அது.

மலைநாட்டிலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் மூன்று தலைமுறைகள் ஒன்றாக உறங்குகின்றன. அங்குள்ள பாட்டனைப் பார்த்து, “தனித்திருங்கள்” என்று சுவரொட்டி ஒட்டினார்கள்! எங்கே தனித்திருப்பது? தேயிலைச் செடியடியிலா?

“கொரோனாக் காலம் கடந்துவிட்டதே, இன்று ஏன் இந்தப் புலம்பல்?” எனக் கேட்பாருளர். நோய் கடந்ததே தவிர நோக்கு மாறவில்லை. இந்நாட்டில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பரை அடுத்த மாதங்களிலும் பெருகுவது சுகாதாரப் பகுதியினர் நன்கறிந்த விடயம். இளைஞன் நான்கு நாள் தடிமன் காய்ச்சலோடு எழுந்துவிடுகின்றான். அதே கிருமி முதியவரின் நுரையீரலைச் சளியால் நிரப்புகின்றது. சிலருக்குக் காய்ச்சலே தோன்றாமல் தளர்ச்சியும் அறிவுத் தடுமாற்றமுமாக வெளிப்படுகின்றது. இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு நேரும் அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்காகின்றது என்பது கனடாவின் ஒன்ராறியோவில் நடைபெற்று 2018இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. அப்படி இறந்தவரின் மரண அத்தாட்சியில் மாரடைப்பு என்றே எழுதப்படும். உண்மைக் கொலையாளியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது.

இதைத் தணிக்க ஆண்டுதோறும் போடும் ஊசியுண்டு. காசுள்ளவர் தனியார் வைத்தியசாலையிலே அதைப் பெறுகின்றனர். காசில்லாதவருக்கு? சிசு பிறந்த அன்றே ஊசி போட்டு, அட்டையில் குறித்து, பாடசாலைவரை தொடர்ந்து சென்று காக்கும் நாடு இது. 1993க்குப் பின்னர் இங்கே இளம்பிள்ளைவாதம் இல்லை. அப்பெருமையை எவர்க்கும் நாம் விட்டுக்கொடோம். ஆனால், அதே தேசிய அட்டவணையில் அறுபது கடந்தவர்க்கென்று ஒரு வரி இல்லை. 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்த அறுபத்தைந்து கடந்தோர், 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்குப் பன்னிருவரைத் தாண்டிவிட்டனர். அட்டவணை மட்டும் அசையவில்லை.

பணமில்லை என்பர். அனைவருக்கும் ஒரே நாளில் போடும்படி நாம் கேட்கவில்லை. நீரிழிவு, சிறுநீரகம், இருதயம், ஈளை ஆகிய நோய்களுக்காக மாதந்தோறும் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் வாங்கில் விடியற்காலையிலிருந்தே காத்திருக்கும் முதியோரைப் பாருங்கள். அவர்களைத் தேடி ஊரூராய் அலையவேண்டியதில்லை; அவர்களே வருகின்றனர். கையிலே கிளினிக் புத்தகம் இருக்கின்றது; ஊசி போடத் தாதி இருக்கின்றார். இல்லாதது மருந்து மட்டுமே. முதலில் இவர்களுக்கே, ஏப்ரலுக்கு முன்பாக, இலவசமாக இவ்வூசி கிடைக்கவேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கும் தொகை என்ன என்பதைச் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து சொல்லட்டும். வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதிநிதிகள் இக்கேள்வியை அவரிடம் எழுத்திலே கொடுக்கட்டும். கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்பதை இப்பத்திரிகை பெயர் குறித்து வெளியிடும்.