சோலார் பலகையிலிருந்து சுவாசக் கருவிக்கு

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது புனேயின் நோக்கா ரோபோடிக்ஸ் மிகச் சிறிய நிறுவனம். ஐஐடி கான்பூரில் படித்த இளைஞர்கள் தொடங்கியது. தண்ணீரே இல்லாமல் சோலார் பலகைகளைத் துடைக்கும் ரோபோதான் அதன் தயாரிப்பு. மருத்துவக் கருவி எதையும் அதுவரை அவர்கள் செய்ததில்லை. ஆனாலும் வென்டிலேட்டர் செய்ய இறங்கினார்கள். சில மாதங்களிலேயே வி310 என்ற ஐசியூ கருவி மருத்துவமனைகளுக்குப் போனது. அந்த நிறுவனம் இன்றும் மருத்துவக் கருவித் துறையில்தான் இருக்கிறது.

இதைத் துணிச்சல் என்று மட்டும் பாராட்டினால் பாதி உண்மையை விட்டுவிடுவோம். மோட்டாரும் சென்சாரும் கட்டுப்பாட்டு மென்பொருளும் அவர்கள் கைக்குப் பழகியவை, பழகாதது நுரையீரல். அந்தக் குறையை ஐஐடி கான்பூரின் தொழில் வளர்ப்பு மையம் திரட்டிய வல்லுநர்கள் அடைத்தார்கள். பெரும்பாலான சிறுதொழில்களுக்கு இப்படியொரு துணை கிடைப்பதில்லை என்பதே நம் கவலை.

கோவையிலும் ஓசூரிலும் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் இதேபோல் மின்வாகன மாற்றத்தின் முன் நிற்கின்றன. அவற்றுக்கு வெறும் கடன் போதாது. சோதனைக்கூடம், வழிகாட்டும் பேராசிரியர்கள், நம்பித் தரும் முதல் கொள்முதல் ஆணை ஆகிய மூன்றும் வேண்டும். தமிழக அரசும் பொறியியல் கல்லூரிகளும் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும்.