முப்பத்தொன்பது டக், ஒரு கடக்

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றுதான் காரணம் என்று நாலைந்து மேடைகளில் பேசியிருக்கிறேன். உண்மையான காரணம், பரேடு முடிந்ததும் தருகிற பூரி. அந்தப் பூரிக்காக இரண்டு மணி நேரம், நாலு கிலோ எடையுள்ள .303 ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். எல்லாம் டிரில்லுக்கென்று ஒதுக்கிவிட்ட கிழட்டு ரைஃபிள்கள், சுடாது. 'பாஜு சஸ்த்ர' என்று குரல் வந்ததும் தோளில் இருப்பதை இறக்கி, தோளில் பதிகிற பின்கட்டையான பட் தரையில் மோத நிறுத்துவோம். முப்பத்தொன்பது பேரிடமிருந்து 'டக்'. என்னிடமிருந்து மட்டும் 'கடக்'.

பட்டைப் பிடித்து அசைத்தால் விழப்போகிற கடைவாய்ப்பல் மாதிரி ஆடியது.

1907-ல் வந்த லீ-என்ஃபீல்ட் மார்க் 3 அது. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இந்த ரகத்தைப் பல காலம் செய்து தள்ளியது. ஜெர்மன்காரர்களின் மௌசரில் கட்டை முழுவதும் ஒரே மரம். இதில் குழலைத் தாங்கும் முன்கட்டை வேறு, தோளில் பதியும் பின்கட்டை வேறு, நடுவில் இரும்பு. அதனால் ஒரு வசதி உண்டு. செருப்புக் கடை மாதிரி ஆளுக்கேற்ற அளவில் பின்கட்டை மாட்டலாம். சாதா அளவுக்கு அரை அங்குலம் கூடினால் லாங், அரை அங்குலம் குறைந்தால் ஷார்ட், ஒரு அங்குலமே குறைந்தால் பாண்டம். என் உயரத்துக்கு பாண்டம்தான் தந்திருக்க வேண்டும். யார் கேட்டார்கள்?

வசதிக்கு விலை, அந்தப் பின்கட்டையைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு நீள போல்ட். பட்டின் அடியில் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்ன மூடி. திறந்தால் எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கிற புல்-த்ரூ கயிறும் வைக்கிற பொந்து. அதற்குள் ஒரு தோல் துண்டு, அதையும் எடுத்தால் ஆழத்தில் போல்ட்டின் தலை.

ஆயுத அறையை 'கோத்' என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே துடைக்கிற முறை எனக்கு. அப்பாவின் பட்டறையிலிருந்து முழ நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். ஆடுகிறதா, இறுக்கு. இதற்கெல்லாம் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர் எதற்கு? போல்ட் மக்கர் பண்ணியது. இரண்டு கையாலும் முறுக்கினேன். திரும்பியது. கூடவே வேர்க்கடலை உடைகிற மாதிரி ஒரு சத்தம். நான் பிடித்திருந்த பின்கட்டையிலிருந்து இல்லை, அந்தப் பக்கம் முன்கட்டையிலிருந்து.

எங்களுக்கு டிரில் சொல்லித்தந்த உஸ்தாத் வேலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர். ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முன்னாடி அவுக்காம பின்னாடி முறுக்குனா எதுடா தாங்கும்?" என்றார். முகம் சிவந்ததே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. அவரே தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். அந்த போல்ட்டின் முனை சதுரம். நடு இரும்பைத் தாண்டி, முன்கட்டைக்குள் இருக்கிற ஒரு தகட்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கும். போல்ட் தானாகச் சுழன்று கழலாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. முன்கட்டையைக் கழற்றிப் பூட்டை விடுவித்த பிறகுதான் திருக வேண்டும். இல்லாவிட்டால் சதுரம் புரளும்போது மரத்தைப் பிளந்துவிடும்.

அப்படியானால் என் போல்ட் கழலவே இல்லை. மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, தரையில் மோதி மோதி நசுங்கியிருக்கிறது. இரும்பு பாவம், இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. முன்கட்டை பிளக்கக்கூடியது என்று இஷாப்பூர்காரர்களுக்கும் தெரியும். குறுக்கே ஒரு திருகு போட்டுத்தான் அனுப்பினார்கள். என் கைவண்ணத்துக்கு அது போதவில்லை.

ஆர்மரர் வந்து செய்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்; தண்டனையே அதுதான். பல வருட லின்சீட் ஆயில் ஊறிய மரத்தில் பசை ஒட்டாது என்று பிளவைப் பெட்ரோலால் திரும்பத் திரும்பத் துடைத்தார். ப்ளேடு நுனியால் விரித்து அரால்டைட்டை உள்ளே தள்ளினார். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, ரப்பர் வெளுக்கிற அளவுக்கு இழுத்துச் சுற்றினார். மறுநாள் பிரித்தபோது தலைமுடி அளவுக்கு ஒரு கோடுதான் இருந்தது. பிறகு பின்கட்டையை இறுக்கி, சதுரம் பள்ளத்துக்கு நேராக நிற்கிற இடம் பார்த்து நிறுத்தி, முன்கட்டையைப் பூட்டினார். எனக்கு ஒரு மாதம் பூரி கிடையாது.

இத்தனை வருடம் கழித்து அந்த டியூபைப் போன ஞாயிறு மெரினாவில் பார்த்தேன். பலூன் கடை ஏர்கன். உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங்கின் உதைப்பிலேயே இந்த வகைத் துப்பாக்கியில் திருகுகள் கழலும். இதில் கழுத்துப் பக்கமே டியூப் சுற்றியிருந்தது, அதன் கீழே கட்டை லேசாக ஆடியது. பட் தகட்டின் திருகு ஓட்டையில் தீக்குச்சி. சும்மா இருக்க முடியவில்லை. ஓட்டையைச் சுத்தமாகத் துளைத்துத் தேக்குச் சக்கை வைத்து ஒட்ட வேண்டும், சக்கையின் இழை திருகுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இழையோடு போகிற திருகு பிடிக்காது என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி சார், அந்த டியூபை மட்டும் பிரிச்சுடாதீங்க. ரெண்டு விரல் இடது பக்கமா தள்ளிக் குறி வைங்க."

வைத்தேன். பத்துக்கு ஏழு.