கோழியின் மேல் பழி வேண்டாம்

“பிராய்லர் கோழியும் பண்ணை முட்டையும் வந்தபிறகுதான் சரவாங்கி வந்தது, வாயைக் கட்டினால் போதும்” என்ற வாதம் நாமக்கல், சேலம் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

பிரெஞ்சு மருத்துவர் லாந்த்ரே-பொவே இந்நோயை விவரித்தது 1800-இல். அன்று பிராய்லர் ஏது? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் சரவாங்கி. பரம்பரைக் கூறு ஒரு காரணம், புகைபிடித்தல் இன்னொன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

நம் வட்டாரத்தில் சந்தேகப்பட வேண்டியது தட்டை அல்ல, தூசியை. கல் குவாரிகளில் பறக்கும் சிலிக்கா தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் ஆய்வுகள் காட்டின. நெசவாலைத் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுவதை மலேசிய ஆய்வு கண்டது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை விசைத்தறிக் கூடங்களில் இதை யார் அளக்கிறார்கள்?

முட்டையை நிறுத்தினால் ஏழைத் தொழிலாளி மலிவான புரதத்தை இழப்பார். பத்தியத்தில் கழியும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படும். அரித்தது திரும்பாது. காலையில் விரல்கள் ஒரு மணி நேரம் விறைத்து, கணுக்கள் ஆறு வாரமாக வீங்கியிருந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் தொடக்கத்திலேயே எடுத்தால் பெரும்பாலோர் கை முடங்காமல் வேலை செய்யலாம். பத்தியம் சொல்பவர்கள் அந்தத் தொடக்க நாட்களைப் பறிக்கக் கூடாது.