அம்பாசிடருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

திருநெல்வேலியில் ஒரு காலத்தில் வாடகை கார்னாலே அம்பாசிடர்தான். பாபநாசம், குற்றாலம்னு குடும்பமே நெருக்கியடிச்சு ஏறிப்போன வண்டி. வேகமும் கிடையாது, சொகுசும் கிடையாது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, 1950-களில் இந்தியப் பெயர் வாங்கி, 2014 வரை பெரிதாக உருவம் மாறாமலே வெளிவந்தது. அதுதான் விஷயமே! எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கலாம். உற்பத்தி நின்றதும் கிராக்கி கூடிவிட்டது.

ஆனால் ரசிகர்களின் பாசம் ஆர்டிஓ ஆபீசில் செல்லாது. 2021 விதிப்படி 'விண்டேஜ்' ஆக 50 வயசு தாண்டணும். 1985 மாடல் இப்போதைக்கு வெறும் பழைய வண்டி. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. பழங்கார்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவாவுக்கு 30 வயசே போதும். இங்கேயும் அப்படிக் குறைக்கலாம். இல்லையென்றால் 2035-க்குள் பாதி வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும்.