புழுவுக்குச் சாப்பாடு எங்கே?

சென்ற மாதம் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, தாப்பாவில் உள்ள பாட்டி வீட்டிலிருந்து போத்தலில் ஒரு பச்சைப் புழுவைத் திரிங்காப்புக்குக் கொண்டுவந்தாள். "எலுமிச்சை இலையெல்லாம் தின்னுடுச்சாம் டீச்சர். பாட்டி மருந்தடிக்கச் சொன்னாங்க," என்றாள். என் பார்வை வகுப்பறைச் சுவருக்குப் போனது. சுற்றுப்பயணிகள் கடையில் நான் வாங்கி மாட்டிய ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு ஆணி. இதுதானா நாம் காட்டும் அக்கறை?

இரண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் சிறகு விரிப்பு 8 முதல் 10 சென்டிமீட்டர். ராஜா புரூக்குக்கு அது 15 சென்டிமீட்டரையும் தாண்டும். கருஞ்சிறகில் பளபளக்கும் பச்சை, கழுத்தில் சிவப்புப் பட்டை. 1855இல் ஆல்பிரட் ரசல் வாலஸ், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். தாப்பா அருகே குவாலா வோ வெந்நீர் ஊற்றில் ஆண் பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்ச வருகின்றன.

ஆனால் முக்கிய வேறுபாடு சிறகில் இல்லை, புழுவின் உணவில் இருக்கிறது. எலுமிச்சைப் புழுவுக்கு வீட்டுத் தோட்டமே போதும். அதற்கு நஞ்சு இல்லை. சிறு வயதில் பறவை எச்சம் போலவும், வளர்ந்தபின் இலை போலவும் தோற்றமளித்துத் தப்பிக்கிறது. தொட்டால் கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும்.

ராஜா புரூக் புழுவுக்கோ ஆடுதீண்டாப்பாளை இனத்துக் காட்டுக்கொடிதான் வேண்டும். ஆடும் தொடாத கொடி என்பதைப் பெயரே சொல்கிறது. அந்தக் கொடியின் நஞ்சைப் புழு உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதுவே அதற்குக் காவல். கொடி இல்லாத இடத்தில் இந்தப் பூச்சி இனம் பெருக முடியாது.

ராஜா புரூக்கின் பன்னாட்டு வணிகத்தைச் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. நல்லதுதான். ஆனால் காய்கறித் தோட்டத்துக்காகக் காட்டை அழிக்கும்போது வெட்டுப்படும் கொடியை யார் எண்ணுகிறார்கள்? பூச்சியைக் காத்துக் கொடியை விடுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோற்றுப்பானையை உடைப்பது போன்றது.

நாங்கள் அந்தப் புழுவை எலுமிச்சை இலை கொடுத்து வளர்த்தோம். அது கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்தது. அதைத் தாப்பாவிலேயே விடும்படி மாணவியிடம் கொடுத்தனுப்பினேன். பாட்டி இப்போது ஒரு கிளையை மட்டும் மருந்தடிக்காமல் விட்டிருக்கிறாராம். என் வகுப்பில் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் மாணவர்கள் வரைந்த இரண்டு படங்கள் தொங்குகின்றன: ஓர் எலுமிச்சைக் கிளை, ஒரு காட்டுக்கொடி.