கருவையும் எட்டும் புகை

தலைநகர் தில்லியின் ரிங் ரோடு ஓரங்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் வாழும் உழைக்கும் பெண்களுக்கு, கருவுற்ற மாதங்களிலும் வாகனப் புகையிலிருந்து தப்ப வழியில்லை. அப்புகை தாயின் நுரையீரலோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியில், கருவை ஒட்டிய பக்கத்திலேயே கரித்துகள்கள் இருப்பதை பெல்ஜிய விஞ்ஞானிகள் 2019இல் வெளியிட்டனர். காற்று மாசுக்கும் குறைப்பிரசவத்திற்கும், குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறப்பதற்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிஎம் 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவிலோ 2009இல் வகுத்த 40 மைக்ரோகிராமே வரம்பு. தில்லிக் காற்று அதையும் மீறுகிறது. ஒன்றிய அரசின் தேசியத் தூய காற்றுத் திட்டம், பருமனான பிஎம் 10 தூசியை வைத்தே நகரங்களை மதிப்பிடுகிறது. சாலையில் தண்ணீர் தெளித்தே கணக்குக் காட்டிவிடலாம். கருவை எட்டும் நுண்துகள் கணக்கில் வராது.

வசதி படைத்தோர் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குகின்றனர். சாலையோர வியாபாரிக்கும் வீட்டுவேலைத் தொழிலாளிக்கும் 26 வார ஊதிய மகப்பேறு விடுப்புகூட எட்டாக்கனியே. மாசைக் காரணம் காட்டிக் குடிசைகளை இடிப்பது தீர்வல்ல. பிழைப்பையும் பறிக்கும் கொடுமை அது. பொதுப் பேருந்துகளைப் பெருக்குதல், நுண்துகளை அளவுகோலாக்குதல், அமைப்புசாராப் பெண்களுக்கு ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு, பணியிடத்திற்கு அருகிலேயே மாற்று வீடு ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். குடிநீருக்கும் ரேசனுக்கும் போராடும் கட்சிக் கிளைகள், தூய காற்றையும் வர்க்கக் கோரிக்கையாகக் கையிலெடுக்க வேண்டும்.