அபராதம் போட்டாத்தான் புத்தகம் வருமா?

நூலகத்துல தாமதக் கட்டணம் வாங்கலைன்னா ஒருத்தனும் புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டான்னு சிலபேர் அடிச்சுப் பேசுறாங்க. அப்படியா சாமி? சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபர்ல அதை ஒழிச்சுது. வருஷக்கணக்கா வீட்டுல பதுங்கிக் கிடந்த புத்தகமெல்லாம் திரும்பி வந்துச்சு!

நியூயார்க் நகரம் 2021-ல் அதே வழிக்கு வந்தது. அதுக்கு முன்னாடி பாக்கி 15 டாலரைத் தொட்டாலே அட்டை முடங்கிடும். அப்படி முடங்கிக் கிடந்தவை சுமார் 4 லட்சம். பாதிக்கு மேல வசதி குறைந்த பகுதிக்காரங்களோடது. காசுள்ளவன் 15 டாலரை வீசிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துட்டுப் போயிடுவான் (அவனுக்குப் பொறுப்பு வந்துடுச்சாக்கும்!). இல்லாத வீட்டுப் பிள்ளை வாசலோட நின்னுடும்.

தொலைச்சா விலையைக் கேளுங்க, அங்கேயும் கேட்கத்தான் செய்றாங்க. நாலு நாள் தாமதத்துக்கு எதுக்கய்யா கதவைச் சாத்தணும்?